தொப்புள்கொடியின் மறுமுனை: பேறுகாலச் சிக்கல்களில் நஞ்சுக்கொடியின் பங்கு

"தொப்புள்கொடி உறவு" என்ற சொல் நமக்குப் புதியதல்ல. தமிழகத்து மக்களை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். மேடைகளிலும் செய்திகளிலும் எத்தனையோ முறை கேட்ட சொல் அது. ஆனால் அந்தக் கொடியின் ஒரு முனையில் குழந்தை இருக்கிறதென்றால் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலானோர் "தாய்" என்றே பதில் சொல்வர். உண்மையில் கொடி போய்ச் சேருவது நஞ்சுக்கொடி என்ற தனி உறுப்பிடம். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்பது மாதம் நின்று வேலை செய்துவிட்டு, பிறப்போடு தன் கடமையை முடித்துக்கொள்ளும் உறுப்பு அது.

ஊரில் மாடு கன்று ஈன்றால் இளங்கொடி விழும்வரை வீட்டுக்காரர் நித்திரைக்குப் போவதில்லை. விழுந்ததும் நாய் இழுக்காதபடி சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். கொடி விழாமல் தங்கினால் மாட்டுக்கு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். மனிதருக்கும் அந்த ஆபத்து பொருந்தும். அதைவிட முக்கியமானது, குழந்தை பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கும் கோளாறுகள். கர்ப்பகாலத்தின் பாரதூரமான சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இந்த உறுப்பில்தான் இருக்கிறது.

புலம்பெயர் நாடுகளில் நம் பெண்கள் நல்ல மருத்துவ வசதியுள்ள சூழலில்தான் பிள்ளை பெறுகிறார்கள். ஆனால் வைத்தியர் சொல்வது விளங்காமலும், தமக்கு இருக்கும் அறிகுறியைச் சொல்லத் தெரியாமலும், "இது வழமைதான்" என்ற வீட்டாரின் ஆறுதலை நம்பியும் காலத்தைக் கடத்திவிடும் நிலை இன்னும் இருக்கிறது. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

பெயர்கள்

தமிழில் நஞ்சுக்கொடி, நச்சுக்கொடி, இளங்கொடி என்று பல பெயர்கள் வழங்குகின்றன. இலங்கையின் தமிழ்மொழிப் பாடநூல்களில் படித்தவர்களுக்குச் "சூல்வித்தகம்" என்ற சொல் நினைவிருக்கும். மருத்துவமனைகளில் "பிளசென்ரா" என்பார்கள். இலத்தீன் மொழியில் அதற்குத் தட்டையான பணியாரம் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் றியால்டோ கொலம்போ அந்தப் பெயரை இந்த உறுப்புக்குச் சூட்டினார். யேர்மன் மொழியில் "முற்றர்கூகன்" என்றும், நோர்வீஜிய மொழியில் "மூர்காக்க" என்றும் தாதிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்குமே "தாய்ப் பணியாரம்" என்றுதான் பொருள். நியூசிலாந்தின் மாவோரி மக்களோ நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடியைத் தம் மூதாதையர் மண்ணில் புதைப்பது அவர்கள் மரபு. மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கு அந்தச் சொல்லின் பொருளை விளக்கத் தேவையில்லை.

அது எப்படி வேலை செய்கிறது?

நஞ்சுக்கொடி தாயின் உடலில் இருந்தாலும் அது உருவாவது கருவிலிருந்து. எனவே அதில் தந்தையின் மரபணுக்களும் பாதி உள்ளன. பிள்ளைப்பேற்றின்போது அது சுமார் அரைக் கிலோ எடையுடன், 20 சென்ரிமீற்றர் அளவு விட்டமுள்ள வட்டத் தட்டுப்போல இருக்கும். அதிலிருந்து புறப்படும் தொப்புள்கொடியில் இரண்டு நாடிகளும் ஒரு நாளமும் உள்ளன. உடலின் மற்ற இடங்களுக்கு மாறாக, இங்கே ஒட்சிசன் நிறைந்த குருதியைப் பிள்ளைக்குக் கொண்டுபோவது நாளம். கழிவைத் திரும்பக் கொண்டுவருவது நாடிகள்.

தாயின் குருதியும் பிள்ளையின் குருதியும் ஒன்றாகக் கலந்து ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நஞ்சுக்கொடியில் மரத்தின் கிளைகள்போலப் பிரியும் நுண்ணிய விரல்முளைகள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே பிள்ளையின் குருதி ஓடுகிறது. அவற்றை வெளியே இருந்து தாயின் குருதி நனைக்கிறது. நடுவில் உள்ள மெல்லிய சுவரின் ஊடாகவே ஒட்சிசன், குளுக்கோசு, தாயின் நோயெதிர்ப்புப் பொருட்கள் எல்லாம் கடக்கின்றன. இந்த விரல்முளைகளை விரித்துப் பரப்பினால் 10 சதுர மீற்றருக்கு மேல் வரும். பிள்ளைக்கு நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் குடலாகவும் இருப்பது இதுதான். கர்ப்பத்தைக் காக்கும் ஓமோன்களைச் சுரக்கும் சுரப்பியும் இதுவே.

கர்ப்பத்தின் நிறைவில் ஒவ்வொரு நிமிடமும் அரை லீற்றருக்கு மேற்பட்ட தாயின் குருதி இதனூடாகப் பாய்கிறது. அதனால்தான் நஞ்சுக்கொடியோடு தொடர்புள்ள குருதிப்பெருக்கு சில நிமிடங்களிலேயே உயிராபத்தாக மாறுகிறது.

அடித்தளம் முதல் மாதங்களில்

கருப்பையின் சுவரில் சுருள் நாடிகள் எனப்படும் ஒடுங்கிய குருதிக்குழாய்கள் உள்ளன. கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் இந்த நாடிகளுக்குள் நுழைந்து, அவற்றின் தசைச் சுவரை மாற்றி, அகன்ற வாய்க்கால்களாக ஆக்குகின்றன. குறுகிய ஒழுங்கை அகன்ற தெருவாவது போன்றது இது. ஏறத்தாழ 20ஆம் வாரத்துக்குள் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

இந்த மாற்றம் சரியாக நடக்காத தாய்மாரின் நாடிகள் ஒடுங்கியே இருந்துவிடுகின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஐவோ புறொசன்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் இதைக் கண்டறிந்து விளக்கினார்கள். ஒடுங்கிய நாடிகளால் நஞ்சுக்கொடிக்குப் போதிய குருதி கிடைப்பதில்லை. அதன் விளைவு, தாயிடம் குருதி அழுத்தமாகவோ, பிள்ளையிடம் வளர்ச்சிக் குறைவாகவோ, இரண்டுமாகவோ பிந்திய மாதங்களில் வெளிப்படுகிறது.

முன்சூல்வலிப்பு

பிரிஎக்லாம்சியா என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். 20 வாரங்களுக்குப் பின்னர் குருதி அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, அதனோடு சிறுநீரில் புரதம் போவது, அல்லது ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது இதன் இலக்கணம். முற்றினால் வலிப்பு வரும். மூளையில் குருதி கசியலாம். தாயும் பிள்ளையும் இறக்க நேரலாம்.

இதற்கு நஞ்சுக்கொடிதான் மூலம் என்பதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. "முத்துப்பிள்ளை" என்று சொல்லப்படும் கர்ப்பத்தில் பிள்ளை உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக்குலைபோல வளரும். அந்தப் பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆகவே பிள்ளை இல்லாமலும் இது வரும். நஞ்சுக்கொடி இல்லாமல் வராது. 2003ஆம் ஆண்டு, பொஸ்டன் நகரில் ஆனந்த் கருமாஞ்சி தலைமையிலான ஆய்வுக்குழு, நஞ்சுக்கொடி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு புரதம் தாயின் குருதிக்குழாய்களைப் பாதிப்பதைக் காட்டியது. அந்தப் புரதத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் போனது. இன்று இங்கிலாந்து உட்படச் சில நாடுகளில், நஞ்சுக்கொடி சுரக்கும் பொருட்களைக் குருதியில் அளந்து இந்நோயை முன்கூட்டியே மதிப்பிடும் பரிசோதனை நடைமுறையில் உள்ளது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை: விடாத கடும் தலையிடி, கண் மங்குதல் அல்லது மின்னல்போலத் தெரிதல், விலா எலும்புக்குக் கீழே நோ, வாந்தி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது வழமைதான். முகம் திடீரென ஊதுவது வழமையன்று. இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் திகதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையை அழைக்க வேண்டும். பிள்ளை பிறந்த பின்னரும், ஆறு வாரங்கள்வரை இது வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது. பத்தியக்கறி சமைத்துக்கொண்டு வீட்டில் நிற்கும் அம்மாவும் மாமியும் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

முழுமையான தீர்வு நஞ்சுக்கொடி வெளியே வருவதுதான், அதாவது பிள்ளைப்பேறு. அதுவரை அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று ஏற்றப்படுகிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, அம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதாகக் காட்டியது.

வருமுன் காக்கவும் வழி உண்டு. இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் கைப்பிறொஸ் நிக்கொலைடிஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36ஆம் வாரம்வரை இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுக்கப்பட்டது. 37 வாரங்களுக்கு முன் வரும் முன்சூல்வலிப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. முன்னைய கர்ப்பத்தில் அழுத்தம் இருந்தவர்கள், நீரிழிவு, சிறுநீரக நோய், நாட்பட்ட குருதி அழுத்தம், லூப்பஸ் போன்ற நோய் உள்ளவர்கள் முதல் சந்திப்பிலேயே "எனக்கு அஸ்பிரின் தேவையா?" என்று கேட்க வேண்டும். முதற் கர்ப்பம், 40 வயதுக்கு மேல், இரட்டைப்பிள்ளை, அதிக உடற்பருமன், தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்தமை, முன்னைய கர்ப்பத்துக்குப் பின் 10 ஆண்டு இடைவெளி ஆகியவற்றில் இரண்டு பொருந்தினாலும் கேட்கலாம். வைத்தியர் சொல்லாமல் தானாகக் குடிக்கக்கூடாது.

வளராத பிள்ளை, குறையும் துடிப்பு

நஞ்சுக்கொடி போதியளவு ஊட்டம் கொடுக்காதபோது பிள்ளை தன் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. மூளைக்கு முதலிடம் கொடுத்து, மற்ற இடங்களுக்குக் குருதியைக் குறைக்கிறது. பிறகு அசைவையும் குறைக்கிறது. அசைவு குறைவது, பிள்ளை தன் சக்தியை மிச்சம்பிடிப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

மருத்துவிச்சி வயிற்றை நாடாவால் அளப்பதும், ஸ்கானில் பிள்ளையின் அளவு பார்ப்பதும், டொப்ளர் முறையில் தொப்புள்கொடியின் குருதியோட்டத்தை அறிவதும் இதைக் கண்டுபிடிக்கத்தான். ஆனால் நாள்தோறும் கூடவே இருக்கும் கண்காணிப்பாளர் தாய் ஒருவரே. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு அசைவு முறை உண்டு. இத்தனை உதை என்ற பொதுக் கணக்கு இல்லை. வழமையிலிருந்து மாறினால் அதுவே செய்தி. "கடைசி மாதத்தில் இடம் போதாது, துடிப்புக் குறையும்" என்று சொல்வது தவறு. கடைசிவரை அசைவு இருக்க வேண்டும். குறைந்ததாக உணர்ந்தால் இரவென்றும் பாராமல் அழையுங்கள். வீட்டில் வாங்கி வைத்த கருவியில் இதயத்துடிப்புக் கேட்டது என்று ஆறுதல் அடையக்கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் இதயம் துடிக்கும். 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்து உறங்கப் போவதும் பிரித்தானியாவில் தரப்படும் அறிவுரை.

இடம் மாறி அமையும் நஞ்சுக்கொடி

நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில் அமைந்து, பிள்ளை வெளிவரும் வாயிலை மூடியிருப்பது "பிளசென்ரா பிறீவியா". 20ஆம் வார ஸ்கானில் "கீழே இருக்கிறது" என்று சொன்னவுடன் கலங்கத் தேவையில்லை. கருப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு அது மேலே விலகிவிடும். 32ஆம் வாரமளவில் மீண்டும் பார்ப்பார்கள். அந்த ஸ்கானைத் தவறவிடக்கூடாது. நோவில்லாத சிவந்த குருதிப்போக்கு இதன் முக்கிய அடையாளம். வாயில் மூடியே இருந்தால் சிசேரியன்தான் பாதுகாப்பான வழி.

முன்பு சிசேரியன் செய்த தழும்பின்மேல் நஞ்சுக்கொடி பதிந்தால் அது ஆழமாக வேரோடிவிடலாம். இதை "அக்றீற்றா" என்பார்கள். பிறப்பின்போது பிரிந்து வராமல் பெருங்குருதிப்போக்கை உண்டாக்கும். சிலவேளை கருப்பையையே அகற்ற நேரிடும். அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, நஞ்சுக்கொடி கீழே அமைந்த பெண்களில் முதற் சிசேரியனின்போது 3 சதவீதத்தினருக்கும், இரண்டாவதில் 11 சதவீதத்தினருக்கும், மூன்றாவதில் 40 சதவீதத்தினருக்கும் இந்நிலை காணப்பட்டது.

இது நம்மவருக்குக் குறிப்பாகப் பொருந்தும் இடம். முதற் பிள்ளையை வன்னியிலோ, வவுனியாவிலோ, தமிழக முகாமில் இருந்தபோதோ பெற்றவர்களிடம் அந்தப் பேற்றின் ஆவணம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இடம்பெயர்வில் எல்லாம் போயிருக்கும். புதிய நாட்டின் கணினியில் அந்தச் சிசேரியன் பதிவாகியிருக்காது. வாயால் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். குருதிப்போக்கு, கருச்சிதைவு, கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தமை, வயிற்றிலேயே இறந்த பிள்ளை என்பவற்றையும் சொல்ல வேண்டும். கணவர் வீட்டாருக்குத் தெரியாத பழைய கர்ப்பம் இருந்தால் அதை மருத்துவிச்சியிடம் தனியாகச் சொல்லலாம்.

முன்கூட்டியே பிரிதல்

பிள்ளை பிறக்குமுன் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிவது "அப்றப்ஷன்". திடீர் வயிற்றுநோ, பலகைபோல இறுகிய வயிறு, பெரும்பாலும் குருதிப்போக்கு ஆகியவை இருக்கும். சிலருக்குக் குருதி உள்ளேயே தேங்கி வெளியே ஒன்றும் தெரியாது. எனவே குருதி போகவில்லை என்பதற்காக ஆறியிருக்க முடியாது. குருதி அழுத்தம், புகைத்தல், வயிற்றில் படும் அடி ஆகியவை காரணங்களாகலாம். வாகன விபத்தோ விழுதலோ நேர்ந்தால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் பரிசோதனை தேவை. வீட்டில் அடிபடும் பெண்ணுக்கும் இது பொருந்தும். அடித்தது யார் என்று சொல்லப் பயந்தாலும், வயிற்றில் அடிபட்டதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குருதி வகை நெகற்றிவ் உள்ள தாய்மாருக்கு இவ்வாறான குருதிப்போக்கின் பின் 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி தேவைப்படலாம்.

நீரிழிவும் தங்கும் கொடியும்

கர்ப்பகால நீரிழிவிலும் நஞ்சுக்கொடிக்குப் பங்கு உண்டு. அது சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. பிள்ளைக்குச் சர்க்கரை தடையின்றிக் கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. தாயின் உடல் ஈடுகொடுத்து அதிக இன்சுலின் சுரக்காவிட்டால் நீரிழிவாகிறது. தெற்காசியப் பெண்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம் என்பதால்தான் 24 முதல் 28 வாரங்களில் சர்க்கரைப் பானம் குடிக்கவைத்துப் பரிசோதிக்கிறார்கள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை அளவு பெரும்பாலும் சீராகிவிடும். பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு இருப்பதால் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

பிள்ளை பிறந்தபின் நஞ்சுக்கொடி அரை மணித்தியாலத்துக்குள் வெளிவர வேண்டும். தங்கினாலோ, துண்டு உள்ளே நின்றாலோ கருப்பை சுருங்காமல் குருதி பெருகும். வீடு திரும்பியபின் காய்ச்சல், துர்நாற்றம், கட்டிகட்டியாகக் குருதி போதல் இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

கதைக்க வேண்டியவர் யார்?

பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நோர்வேயில் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தேவையான இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்தும் பொறுப்பைப் பொது அமைப்புகளுக்கு அளிக்கிறது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதையும் தடுக்கிறது. மற்ற நாடுகளில் இருப்போர் முதற் சந்திப்பிலேயே கேட்டறியலாம். கணவர் நன்றாக மொழி தெரிந்தவராக இருக்கலாம். ஆனாலும் மாதவிடாய், பழைய கருச்சிதைவு, வீட்டு வன்முறை பற்றியெல்லாம் அவர் வழியாகச் சொல்ல எந்தப் பெண்ணாலும் முடியாது.

இழந்தவர்களுக்கு

இத்தனை கவனத்துக்குப் பின்னும் சில பிள்ளைகள் போய்விடுகிறார்கள். அப்போது நம் வீடுகளில் காரணம் தேடும் பேச்சுத் தொடங்கும். பப்பாசிப்பழம் சாப்பிட்டாள், பாரம் தூக்கினாள், வேலைக்குப் போனாள், கண்ணூறு பட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தத் தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். சுருள் நாடி அகலாமல் போனதற்கு அவள் எதுவும் செய்திருக்கவில்லை. அவள் கர்ப்பமென்று உறுதியாகத் தெரியவந்த அந்த முதல் வாரங்களிலேயே தொடங்கிய வேலை அது.

அத்தகைய வேளையில் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்ப வைத்தியர்கள் அனுமதி கேட்பார்கள். பிள்ளையின் உடலில் பிரேதப் பரிசோதனை செய்ய மனம் ஒப்பாத குடும்பங்களும் இதற்குச் சம்மதிக்கலாம், இரண்டும் வெவ்வேறு. குருதியோட்டம் தடைப்பட்டதா, கிருமித்தொற்றா, முன்கூட்டியே பிரிந்ததா என்பதை அந்தத் திசு பல வேளைகளில் சொல்லிவிடும். அடுத்த கர்ப்பத்தில் எந்த மருந்து, எத்தனை ஸ்கான் என்று முடிவெடுக்க அது உதவும். வீட்டில் எழும் பழிப்பேச்சுக்கும் அதுவே பதிலாகும்.

முன்சூல்வலிப்பு வந்து தப்பியவர்களுக்கு இன்னுமொரு சொல். பிற்காலத்தில் அவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனபின்னும் ஆண்டுக்கொருமுறை குருதி அழுத்தத்தைப் பாருங்கள். குடும்ப வைத்தியரிடம் "எனக்குக் கர்ப்பத்தில் பிறஷர் இருந்தது" என்று சொல்லி வையுங்கள்.

இக்கட்டுரை வைத்தியரின் ஆலோசனைக்கு ஈடாகாது. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இதை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். மருத்துவிச்சியின் தொலைபேசி இலக்கத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். ஒன்றுமில்லாததற்கு அழைத்துவிட்டோமே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கேட்டு, நிம்மதியாக வீடு திரும்புங்கள்.